தொப்பையும் டெஸ்டோஸ்டிரோன் குறைவும்: ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் 14 மாத நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் பெற்று, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். நான் வேலூர்ப் புறநகரில் பொது மருத்துவம் பார்த்துவருகிறேன்; நாளமில்லாச் சுரப்பியியல், அதாவது ஹார்மோன் மருத்துவம், என் சிறப்புத் துறை அன்று. தேவைப்பட்ட இடங்களில் அத்துறை வல்லுநர் ஒருவரிடம் கலந்து பேசியே முடிவெடுத்தேன். இதில் சில முடிவுகள் சரியாக அமைந்தன. குறைந்தது மூன்று இடங்களில் நான் தவறினேன் அல்லது தாமதித்தேன். அவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

2024 ஜூன் மாதத்தில் ஒரு மாலை, 41 வயதுள்ள ஆண் ஒருவர் ஆய்வுக்கூட அறிக்கை ஒன்றையும் செய்தித்தாளில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். ராணிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் பினிஷிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறார். காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் மறுநாள் காலை 6 வரை என மூன்று ஷிப்டும் வாரத்துக்கு ஒன்றாக அவருக்கு மாறி மாறி வரும். திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு.

ஐந்து ஆண்டுகளாக வயிறு பெருத்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். இரண்டு முறை பட்டினி கிடந்து ஆறேழு கிலோ குறைத்திருக்கிறார்; இரண்டு முறையும் கையும் முகமும் வற்றினவே தவிர, வயிறும் மார்பும் அப்படியே நின்றன, பிறகு எடையும் திரும்பி வந்துவிட்டது. கடைசியாகச் சேர்ந்த உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர், "அண்ணா, ஹார்மோன் கம்மியா இருக்கும், அது ஏறாம இந்தத் தொப்பை கரையாது" என்று சொல்லி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பரிசோதித்துவரச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் டெசிலிட்டருக்கு 198 நானோகிராம் என்று வந்திருந்தது. பெரும்பாலான ஆய்வுக்கூடங்களும் வழிகாட்டு நெறிகளும் 264 முதல் 300 வரையிலான ஏதேனும் ஒரு எண்ணைக் கீழ் எல்லையாகக் கொள்கின்றன. அந்தக் கணக்கில் 198 என்பது தெளிவான குறைவு.

பொட்டலத்தை அவர் என் மேசைமேல் பிரித்தார். உள்ளே ஒரு மில்லி கொள்ளும் கண்ணாடிக் குப்பி இருந்தது. 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட். சாய்த்துப் பார்த்தால் வெளிர்மஞ்சள் திரவம் நல்லெண்ணெய் போல மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தது. வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. போட்டுவிடச் சொல்லித்தான் என்னிடம் வந்திருந்தார். அதற்கு மேல் அன்று அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் கண்டவை

உயரம் 168 செ.மீ., எடை 89.6 கிலோ. உடல் நிறைக் குறியீடு 31.7. தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ.; நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கு மேல் போனாலே வயிற்றுக் கொழுப்பு மிகை என்று கொள்கிறோம். இரத்த அழுத்தம் 138/88. விரைகளின் அளவு இயல்பானது. மீசை, தாடி, உடல் ரோமம் ஆகியவற்றில் குறை எதுவும் இல்லை. தாம்பத்திய ஆர்வம் குறைந்திருப்பதாகவும், விடியலில் வரும் இயல்பான விறைப்பு முன்போல அடிக்கடி வருவதில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஓபியாய்டு வகை வலிமாத்திரைகள், ஸ்டீராய்டு மாத்திரைகள், பெயர் தெரியாத நாட்டுமருந்துப் பொடிகள் எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இவை எல்லாமே டெஸ்டோஸ்டிரோனைக் கீழே இறக்கக்கூடியவை என்பதால் இதைக் கேட்டே ஆகவேண்டும். மது வாரம் இரண்டு குவார்ட்டர்.

பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தது எப்போது என்று கேட்டபோதுதான் முதல் சிக்கல் தெரிந்தது. இரவு ஷிப்ட் முடித்து, பகலில் நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டுவிட்டு மாலை நாலரைக்குக் கொடுத்திருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தோடு ஏறி, எழுந்த முதல் சில மணி நேரத்தில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் இறங்கும். உணவும் தற்காலிகமாக அதை இறக்கும். ஆகவே இரவு நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த அளவுகள் இரண்டும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்றே சொல்லலாம். எங்கெங்கிருந்தோ மக்கள் இரயிலேறி வைத்தியத்துக்கு வந்து இறங்கும் ஊர் வேலூர். தெருவுக்கு ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது, எந்த நேரத்தில் கை நீட்டினாலும் இரத்தம் எடுப்பார்கள். அந்த வசதியே இந்த விஷயத்தில் ஆளைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

மறுபரிசோதனை

அவருக்கு இரண்டாம் ஷிப்ட் வந்த வாரம்வரை காத்திருந்தோம். அந்த வாரத்தில் இரவு பதினொன்றரைக்குப் படுத்துக் காலை ஆறரைக்கு எழுவார். நான்கு நாள் இடைவெளியில் இரண்டு காலைகள், ஏழரை மணிக்கு, வெறும் வயிற்றில் எடுத்ததில் 246, 261 என்று வந்தன. மாலை அறிக்கை காட்டிய அளவுக்கு மோசமில்லை என்றாலும் குறைவுதான்.

உடன் செய்தவற்றில் முக்கியமானது, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. எனப்படும் கடத்துப் புரதம். அது லிட்டருக்கு 14 நானோமோல், இயல்பைவிடக் குறைவு. அதை வைத்துக் கணக்கிட்டால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன், அதாவது அந்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு, இயல்பு வரம்பின் கீழ் விளிம்பை ஒட்டி, ஆனால் வரம்புக்குள்ளேயே இருந்தது. இதை அவருக்கு அவருடைய தொழிற்சாலை வேனை வைத்தே விளக்கினேன். ஆய்வுக்கூடம் எண்ணுவது வேனில் உட்கார்ந்திருப்பவர்களையும் இறங்கி வேலை செய்பவர்களையும் சேர்த்து. வேன்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டால் மொத்தக் கணக்கு பாதியாகத் தெரியும், ஆனால் தளத்தில் நிற்கும் ஆட்கள் ஏறக்குறைய அதே அளவில் இருப்பார்கள். வயிற்றுக் கொழுப்பும் அதனால் கூடும் இன்சுலினும் கல்லீரல் இந்த வேன்களைத் தயாரிப்பதைக் குறைத்துவிடுகின்றன.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி விரைக்குக் கட்டளையாக அனுப்பும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் இயல்பு வரம்பில், ஆனால் தாழ்ந்த பக்கத்தில் இருந்தன. விரையே பழுதாகியிருந்தால் இவை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மேலிருந்து வரும் கட்டளைதான் மந்தமாகியிருக்கிறது என்று பொருள். புரோலாக்டின், தைராய்டு, இரும்புச் சத்து சார்ந்த பரிசோதனைகள் இயல்பாக இருந்ததால் பிட்யூட்டரிக் கட்டி போன்றவற்றைத் தேடும் அவசியம் எழவில்லை. கடந்த இரண்டு மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 சதவீதம், அதாவது நீரிழிவின் வாசல். இரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு 238 (மிகை), நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 34 (குறைவு), கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 61 (மிகை), ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, ஹார்மோன் குறைந்ததால் தொப்பை வந்தது என்பதைவிடத் தொப்பை வந்ததால் ஹார்மோன் குறைந்தது என்பதே இவர் விஷயத்தில் பொருந்தியது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதுவும், பெருத்த கொழுப்பிலிருந்து வரும் அழற்சிச் சமிக்ஞைகளும், இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்து மூளையிலிருந்து வரும் கட்டளையை அடக்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதும் தசை குறைகிறது, கொழுப்பு இன்னும் எளிதாக வயிற்றில் படிகிறது. ஒன்றையொன்று இழுக்கும் இந்தச் சுற்றை எந்தக் கண்ணியில் அறுப்பது என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

ஊசி வேண்டாம் என்ற முடிவு

டெஸ்டோஸ்டிரோன் ஊசி கொழுப்பைக் குறைக்காது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 50 முதல் 74 வயதுவரை உள்ள, இடுப்புச் சுற்றளவு மிகுந்த 1,007 ஆண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் ஒன்று கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு அதோடு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும். இரண்டு ஆண்டு முடிவில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 12 சதவீதத்தினரும் மற்றவர்களில் 21 சதவீதத்தினரும் நீரிழிவு வரம்பில் இருந்தார்கள். ஊசிக் குழுவில் கொழுப்பும் குறைந்தது. அதே ஊசிக் குழுவில் 22 சதவீதத்தினருக்கு இரத்தத்தின் சிவப்பணு விகிதம் 54 சதவீதத்தை எட்டித் தாண்டியது. அந்த அளவுக்குக் கெட்டியான இரத்தம் உறையும் அபாயம் உள்ளதால் ஊசியை நிறுத்த வேண்டிய எல்லை அது. பயிற்சிக் கூடத்தில் வாராவாரம் போடுபவர்கள் இதை அளப்பதில்லை.

இருந்தும் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. இரண்டாவது குழந்தைக்காக இரண்டு ஆண்டுகளாக முயன்றுவருவதை, ஊசி பற்றிய பேச்சு முடியும் நேரத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல அவர் சொன்னார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும், விரைக்குள் தேவையான செறிவு சரிந்து விந்தணு உற்பத்தி குறையும், பலருக்கு முற்றிலும் நின்றே போகும். நிறுத்திய பிறகு மீண்டும் தொடங்க மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகும். பயிற்சியாளர் இதைச் சொல்லவில்லை. தெரிந்தே மறைத்ததாக நான் நினைக்கவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. விந்துப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 18 மில்லியன் அணுக்கள் இருந்தன. உலக சுகாதார அமைப்பு கூறும் 16 மில்லியன் என்ற கீழ் வரம்பை ஒட்டி, சற்றே மேல். இந்த நிலையில் அந்தக் குப்பியை உடைப்பது அவர் எதற்காக உடம்பைச் சரிசெய்ய வந்தாரோ அதையே அடைத்துவிடும்.

அவர் குப்பியை மறுபடி செய்தித்தாளில் சுற்றி என்னிடமே விட்டுப் போனார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதல்ல என்பது மடித்த விதத்திலேயே தெரிந்தது.

முதல் திட்டமும் அதன் கோளாறும்

ஜூலை முதல் வாரத்தில் எங்கள் மருத்துவமனையில் எல்லோருக்கும் கொடுக்கும் அச்சிட்ட 1,400 கலோரி உணவுத் தாளையே அவருக்கும் கொடுத்தேன். தினமும் 45 நிமிட நடை என்றும் சொன்னேன். ஆறு வாரத்தில் 3.8 கிலோ குறைந்தது. நானும் மகிழ்ந்தேன், அவரும் மகிழ்ந்தார். ஆனால் இடுப்புச் சுற்றளவில் ஒன்றரை செ.மீ. மட்டுமே குறைந்திருந்தது. தோல் கட்டு ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைக்க முன்பு தனியாக முடிந்தது, இப்போது துணைக்கு ஆள் கூப்பிடுகிறேன் என்று அவர் சொன்னதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. குறைந்ததில் பெரும்பங்கு நீரும் தசையும் என்பதை அந்த ஒரு வாக்கியமே சொல்லியிருந்தது. பத்தாவது வாரத்தில் எடை நின்றது. அடுத்த இரண்டு வாரத்தில் ஒன்றரை கிலோ திரும்பியது.

தாளில் காலை 8 மணி, பிற்பகல் 1 மணி, இரவு 8 மணி என்று அச்சிட்டிருந்தது. இரவு ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணி என்பது அவர் வீட்டுக்கு வந்து படுக்கப்போகும் நேரம். அவர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்பதை அப்போதுதான் உட்கார்ந்து கேட்டேன். இரவு எட்டரைக்கு வீட்டில் சோறு. நள்ளிரவு ஒன்றுக்குக் கேன்டீனில் நாலு பரோட்டாவும் சால்னாவும். விடிவதற்குள் சர்க்கரை போட்ட டீ ஐந்து. காலையில் பொங்கல் அல்லது இட்லி. எழுந்ததும் மறுபடி சோறு. தாளைப் பின்பற்றிய நாட்களில் பரோட்டாவை விட்டுவிட்டு டீயை எட்டாக்கியிருக்கிறார். ஒரு நாளைக்கு அவர் உடலுக்குள் போன புரதம் என் கணக்குப்படி 45 கிராமைத் தாண்டவில்லை.

கேழ்வரகுக் களிக்கு மாறிவிட்டேனே என்றும் சொன்னார். வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் களியும் கூழும் இல்லாத வீடு முன்பு இல்லை; அதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நார்ச்சத்தும் கால்சியமும் அரிசியைவிட அதில் கூடுதல். ஆனால் மாவின் எடைக்கு எடை கேழ்வரகும் அரிசியும் கொடுக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பெரிய உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு அது களிதானே என்று கணக்கில் சேர்க்காமல் விடுவது பலர் செய்யும் பிழை.

மனைவி சொன்னது

செப்டம்பர் நடுவில் அவர் மனைவி முதன்முறையாக உடன் வந்தார். எடை ஏன் நின்றது என்று நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மனைவி குறுக்கிட்டார்: "நடுராத்திரில இவருக்கு மூச்சே நின்னுபோவுது டாக்டர். நான் படுத்தபடியே எண்ணிப் பாக்கறேன். இருபது வரைக்கும் போவும், அப்புறம் பெரிய குறட்டையோட திரும்பி வரும். சில நாள் பயந்து தட்டி எழுப்பிடறேன்." எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மூன்று வருஷமாக என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்பது அவர் குரலில் இருந்தது. உண்மையில் நான் கேட்டிருக்கவில்லை.

வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு நிற்பதும் குறைவதும் பதிவாயின. 30க்கு மேல் இருந்தால் கடுமையான தூக்க மூச்சுத்தடை. இப்படித் துண்டு துண்டாக உடையும் தூக்கம் பசியைக் கூட்டுகிறது, இன்சுலின் எதிர்ப்பை வளர்க்கிறது, இரவில் நடக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ஏற்றத்தையும் கெடுக்கிறது. அதற்கு மேல் மூன்று ஷிப்டின் குழப்பமும் சேர்ந்தது. சிகிச்சை பெறாத கடும் மூச்சுத்தடை உள்ளவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி கூடாது என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஜூன் மாதத்தில் குழந்தை பற்றி அவர் வாய்தவறிச் சொல்லாமல் இருந்து, நான் அவர் கேட்டபடி ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் திட்டம்

தூங்கும்போது முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை அக்டோபரில் முதலில் வாடகைக்கு எடுத்தோம். இரண்டு வாரம் முகக்கவசத்தோடு போராடினார். மூன்றாவது வாரம் பகலில் கண் சொருகுவது நின்றது. இந்தக் கருவி மட்டுமே டெஸ்டோஸ்டிரோனை உயர்த்திவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆய்வுகள் அதை உறுதியாகக் காட்டவில்லை. அது கொடுத்தது, பயிற்சி செய்யவும் பசியை அடக்கவும் வேண்டிய தெம்பு.

உணவைக் கடிகார நேரத்திலிருந்து கழற்றி, அவர் எழும் நேரத்தோடு கட்டினோம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் உணவு, அதிலிருந்து ஐந்து ஐந்து மணி நேரத்தில் அடுத்தவை, படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எதுவும் இல்லை. நாளுக்கு 100 கிராம் புரதம் என்பது இலக்கு: முட்டை நாலு, மதியம் கோழி அல்லது மீன், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், வாரம் மூன்று நாள் சோயா. கேன்டீனில் நாலு பரோட்டாவுக்குப் பதில் இரண்டும் அவித்த முட்டை இரண்டும். டீயில் சர்க்கரை பாதி. குவார்ட்டர் நிறுத்தம், கல்லீரலைக் காட்டிப் பேசியதும் இதில் அவர் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைத் தடைசெய்யவில்லை. ஆம்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தடைசெய்தால் அவர் என்னிடம் பொய் சொல்லத் தொடங்குவார், அவ்வளவுதான். ஒரு தட்டு, கறி கூடுதலாக, சோறு குறைவாக என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

நடையை வைத்துக்கொண்டு, வாரம் மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சியைச் சேர்த்தோம். அதே பயிற்சிக் கூடத்துக்குத்தான் போனார். பயிற்சியாளரை ஒரு நாள் வரவழைத்துப் பேசினேன். ஊசி விஷயத்தில் முகம் சுருங்கினாலும், பளுவைப் படிப்படியாகக் கூட்டும் அட்டவணையை என்னைவிட நன்றாகவே எழுதிக் கொடுத்தார். வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி எதுவும் அதில் இல்லை. வயிற்றுத் தசையை இயக்கினால் வயிற்றின் மேலுள்ள கொழுப்பு கரையாது. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் அதனதன் வரிசையில்தான் போகும்.

ஒவ்வொரு வருகையிலும் எடையைவிட இடுப்புச் சுற்றளவை முதலில் எழுதினோம். 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்து வந்தபோது, எடை ஜூனைவிட 5 கிலோ மட்டுமே குறைவு. ஆனால் இடுப்பு 108லிருந்து 101 செ.மீ. ஆகியிருந்தது. தோல் கட்டைத் தனியாகத் தூக்குகிறார் என்று இந்த முறை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கோடை

ஏப்ரலில் பின்னடைவு. குடியாத்தத்தில் தங்கை கல்யாணம், மூன்று வாரம் பந்திச் சாப்பாடு. அது முடிவதற்குள் வேலூர் வெயில் 40 பாகையைத் தொட்டுவிட்டது. கவசத்துக்குள் வியர்வை ஊறி மூக்கின் மேல் புண்ணானது. இரவில் மின்சாரம் போனால் கருவி நின்று மூச்சு முட்டி எழுந்தார். மே முழுவதும் கருவி பீரோவின் மேல் இருந்தது. எடை இரண்டு கிலோ ஏறியது. இன்வெர்ட்டர் ஒன்றில் கருவியை இணைத்ததும், மூக்கை மட்டும் தொடும் சிறு கவசத்துக்கு மாற்றியதும் ஜூனில்தான். தொழிற்சாலைக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் பேரில் மூன்று மாதம் இரவு ஷிப்ட் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் வாரம் ஒரு முறை போடும் புதிய எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றி அவர் கேட்டார். அவற்றில் ஒன்றான டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்திருந்தது. அவருக்கு அது பொருத்தமற்றது என்று நான் நினைக்கவில்லை. மாதச் செலவைக் கேட்டுவிட்டு, கருவி மறுபடி ஓடத் தொடங்கி மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று அவரே ஒத்திவைத்தார்.

பதினான்காம் மாதத்தில்

2025 ஆகஸ்டில் எடை 78.4 கிலோ; மொத்தம் 11.2 கிலோ, அதாவது தொடக்க எடையில் 12.5 சதவீதம் குறைவு. இடுப்பு 94 செ.மீ.; இன்னும் 90க்கு மேல்தான். எச்பிஏ1சி 5.8, ஏ.எல்.டி. 34, டிரைகிளிசரைடு 162, இரத்த அழுத்தம் 126/82. மூச்சுத்தடை மணிக்கு 34லிருந்து 14 ஆகியிருந்தது. பகலில் தூக்கக் கலக்கம் மீதம் இருந்ததால் கருவி தொடர்கிறது.

இரண்டாம் ஷிப்ட் வாரத்தில், அதே ஏழரை மணிக்கு, இரண்டு காலைகளில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 368, 391. எஸ்.எச்.பி.ஜி. 14லிருந்து 21 ஆனது. இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு வேன்கள் திரும்பி வந்ததால் ஏற்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். கணக்கிட்ட கட்டற்ற அளவும் ஏறியது, ஆனால் மொத்த அளவு ஏறிய விகிதத்தில் அல்ல. காலை விறைப்பு பழையபடி வந்துவிட்டதாக, இந்த முறை தயங்காமல் சொன்னார். விந்தணு எண்ணிக்கை 27 மில்லியன்.

குழந்தை விஷயம் முடியவில்லை. மனைவியை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பியது 2025 மார்ச்சில்தான்; அங்கே அவருக்குத் தைராய்டு குறைவு இருப்பது தெரிந்தது, இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இரண்டரை ஆண்டுகளாக வீட்டிலும், என் கோப்பிலும், எல்லோர் பார்வையும் கணவர்மேலேயே இருந்தது.

மார்பில் மீந்தது

மார்பு குறையவில்லை. இடுப்பில் 14 செ.மீ. போன பிறகும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டே வந்தார், மே மாத வெயிலிலும். ஆகஸ்டில் அவரைப் படுக்கவைத்து, காம்பின் இருபுறமும் விரலால் நெருக்கிப் பார்த்தபோது, காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை போல ஒன்று தட்டுப்பட்டது. வலப்புறம் 3 செ.மீ., இடப்புறம் இரண்டரை. கொழுப்பாக இருந்தால் விரல்கள் எதிர்ப்பில்லாமல் காம்புவரை போய்ச் சேரும். இது சுரப்பித் திசு. விடலைப் பருவத்திலிருந்தே லேசாக இருந்தது என்று அப்போதுதான் சொன்னார். பல ஆண்டுகள் கடந்த சுரப்பித் திசு நார்த்திசுவாக இறுகிவிடும். உணவாலும் உடற்பயிற்சியாலும் மாத்திரையாலும் போகாது, தொந்தரவாக இருந்தால் அறுவைச் சிகிச்சைதான். முதல் நாள் பனியன் மேலாகவே பார்த்து "மார்பிலும் கொழுப்பு" என்று கோப்பில் எழுதியவன் நான். அவர் பதினான்கு மாதம் அந்த இடம் கரையும் என்று காத்திருந்தார்.

கட்டியோ கசிவோ இல்லை, அளவும் மாறவில்லை என்பதால் அவசரம் இல்லை. அறுவைச் சிகிச்சை பற்றி அடுத்த ஆண்டு யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மறுபடி செய்தால்

குறட்டையைப் பற்றிய கேள்வியை முதல் நாளே, முடிந்தால் மனைவியை அருகில் வைத்துக்கொண்டு கேட்பேன். அது பத்து வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். அச்சிட்ட உணவுத் தாளை ஷிப்ட் தொழிலாளர் எவருக்கும் கொடுக்கமாட்டேன். புரதமும் பளுப் பயிற்சியும் இல்லாமல் கலோரியை மட்டும் குறைப்பது, டெஸ்டோஸ்டிரோன் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் ஆணிடம் தசையையும் சேர்த்தே தின்னும். குழந்தை வேண்டுமா என்ற கேள்வியை ஊசி பற்றிப் பேசும் முன்பே கேட்டு, வேண்டும் என்றால் கணவன் மனைவி இருவரையும் ஒரே நாளில் பரிசோதனைக்கு அனுப்புவேன். கோடைக்கு முன்பே இன்வெர்ட்டர் பற்றி விசாரிப்பேன்.

ஊசியை மறுத்ததை மாற்றமாட்டேன். ஆனால் காலை அளவுகள் இரண்டும் 150க்குக் கீழே இருந்திருந்தாலோ, எல்.எச். ஏறியிருந்தாலோ, விரைகள் சிறுத்திருந்தாலோ நான் இப்படி முடிவெடுத்திருக்கமாட்டேன். அவரை நேராக நாளமில்லாச் சுரப்பி வல்லுநரிடம் அனுப்பியிருப்பேன். அப்படிப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தேவைப்படும், அதை மறுப்பதும் தவறாகும்.

குப்பி 2025 ஆகஸ்ட்வரை என் மேசை இழுப்பறையில் இருந்தது. காலாவதித் தேதியைக் காட்டி, மருத்துவக் கழிவோடு போட்டுவிடலாமா என்று கேட்டேன். வாங்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "போட்டுடுங்க டாக்டர்" என்றார்.